நானூற்றுப் பதினேழு உருண்டைகள் குறித்து மைத்துனருக்கு

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் உடல்நலத்தோடும் மனநிறைவோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருக்க மாட்டீர்களா பின்னே? அங்கே ஒரு மனிதன் நாற்காலியில் உட்கார நினைத்தால் நேராகப் போய் உட்கார்ந்துவிடலாம். இங்கே உட்காருவதற்கு முன் நாற்காலியைத் தடவிப் பார்க்க வேண்டும். போன மாதம் தடவிப் பார்க்காமல் உட்கார்ந்ததில் ஒரு பின்னல் ஊசி என் உடம்பில் எந்த இடத்தில் ஏறியது என்பதை, மரியாதை கருதி, இந்தக் கடிதத்தில் எழுதாமல் விடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் அக்கா என்னிடம் பேசி இன்றோடு ஒன்பது நாட்கள் ஆகின்றன. எங்களுடைய முப்பத்து நான்கு வருடத் தாம்பத்தியத்தில் இதற்கு முந்தைய சாதனை ஒன்றரை நாள். அதுவும் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் நேர்ந்தது. நேற்றுக் காலை சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்து, "சாப்பாடு மேசைமேல இருக்கு, சாப்பிடுறவங்க சாப்பிடலாம்" என்றாள். பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. நான் போய்ச் சாப்பிட்டேன். இந்தக் கேவலத்துக்கெல்லாம் யார் காரணம் என்றால், தாங்கள்தான். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அதை நிரூபிக்கத்தான் இத்தனை தாள்கள். படித்து முடித்ததும் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அவளை என்னிடம் பேசச் சொல்ல வேண்டியது தங்கள் பொறுப்பு. எனக்கு அவள் பேசித்தான் ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. வீட்டில் நியாயம் என்று ஒன்று வேண்டாமா, அதற்காகச் சொல்கிறேன்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் தாங்கள் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு கட்டடத்துக்கு லிஃப்ட் பொருத்திவிட்டுத் திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். வருகிறவன் ஒரு பழம் வாங்கி வந்தால் போதாதா? ஆறு உல்லன் உருண்டைகளும் இரண்டு ஊசிகளும் வாங்கி வந்தீர்கள். சாம்பல்நீல நிறம். "அக்காவுக்குப் பொழுது போகட்டும் அத்தான்" என்று சிரித்தீர்கள். பொழுது மட்டும் போகவில்லை. முதலில் அலமாரி போயிற்று, பிறகு கட்டிலடி போயிற்று, பிறகு என் அறையே போயிற்று. அந்த ஆறு உருண்டைகளையும் அவள் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடினாள். மூடி சரியாகப் பொருந்தியது. இந்த வீட்டில் ஒரு மூடி சரியாகப் பொருந்தியதை நான் பார்த்தது அதுவே கடைசி.

நான் முப்பத்தோரு வருடம் பஸ் டிப்போவில் உதிரிபாகக் கிடங்கைக் கட்டி மேய்த்தவன். என் கிடங்கில் ஒரே ஒரு விதிதான்: ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். பழைய பிரேக் கட்டையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைக்காமல் எந்த மெக்கானிக்கும் புதுக் கட்டை வாங்கிவிட முடியாது. டிப்போ மேனேஜரே வந்து நின்றாலும் அதே கதைதான். என்னைப் பின்னால் 'பூட்டு' என்று கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதில் எனக்குப் பெருமைதான். அப்படிப்பட்டவன் வீட்டில்தான் இந்த அநியாயம் நடக்கிறது. இங்கே வருவது மட்டும்தான் உண்டு, போவது என்பதே கிடையாது.

எப்படி வருகிறது என்று கேளுங்கள். தங்கள் ஆறு உருண்டைகளை வைத்து ஆண்கள் போடும் ஸ்வெட்டர் ஒன்று பின்னலாம் என்று கிளம்பினாள். புத்தகத்தில் பதினான்கு வேண்டும் என்று போட்டிருந்தது. சரி, எட்டு வாங்கினால் முடிந்தது என்று நீங்களும் நானும் நினைப்போம். அங்கேதான் ஏமாந்தோம். ஒவ்வொரு உருண்டையின் இடுப்பிலும் ஒரு காகிதப் பட்டை இருக்கிறது, அந்தப் பட்டையில் ஒரு எண் இருக்கிறது, அது சாயம் போட்ட அண்டாவின் எண்ணாம். ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே பெயர். ஆனால் வேறு நாள் வேறு அண்டாவில் முக்கினால் அது வேறு சாதி ஆகிவிடுமாம். கம்பளிக் கடைக்கார அம்மாள் அதைச் சொல்லும்போது ஏதோ உயிர் காக்கும் மருந்துபோல் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நம்பர் மாறிச்சுன்னா வெயில்ல காட்டிக் குடுத்துரும்மா. பதினாலையும் ஒரே நம்பர்ல எடுத்துருங்க. எதுக்கும் ரெண்டு சேத்து எடுங்க, அப்புறம் வந்து கேட்டா இருக்காது." ஆக, இருந்த ஆறு அப்படியே இருக்க, பதினாறு புதிதாக வந்தன.

அந்த 'எதுக்கும் ரெண்டு' என்ற இரண்டு வார்த்தைகள்தான் என் குடியைக் கெடுத்தன. மிஞ்சிய இரண்டை வைத்துக் குல்லாய் பின்னலாம், ஆனால் குல்லாய்க்கு மேலே வைக்கும் குஞ்சத்துக்கு வெள்ளை வேண்டும், வெள்ளை ஒன்று வாங்கினால் எதுக்கும் ரெண்டு வாங்க வேண்டும். குல்லாய் முடிந்ததும் அரை அரை உருண்டையாக நான்கு மிஞ்சும். அரை உருண்டையை எறியலாமா என்று கேட்டால், பெற்ற பிள்ளையை எறியச் சொன்னதுபோல் என்னைப் பார்க்கிறாள். அரை உருண்டைகள் நாற்பது சேர்ந்ததும் சதுரம் சதுரமாகப் பின்னிப் போர்வை ஆக்கலாம் என்கிறாள். அப்பாடா, குறையப் போகிறது என்று நானும் நம்பித் தொலைத்தேன். போர்வையின் ஓரம் முழுக்க ஒரே கறுப்பாக இருந்தால்தான் எடுப்பாக இருக்குமாம். கறுப்பு பன்னிரண்டு வந்தது. எதுக்கும் பதினான்கு.

இது போதாதென்று ஊரில் யார் யாருக்கெல்லாம் பின்னுவது அலுத்துப்போகிறதோ அவர்கள் எல்லோரும் மிச்சத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் நிற்கிறார்கள். போன மழைக்காலத்தில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குழாய் ஒழுகிற்று. குழாய் ரிப்பேர்காரர் வந்து கீழ் அலமாரியைத் திறந்தார். ஆரஞ்சு நிறத்தில் முப்பது உருண்டைகள் அவர் மடியில் விழுந்தன. "சார், இதுல குழாய் எங்க சார் இருக்கு?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? நானே அந்தக் குழாயைப் பார்த்து நான்கு வருடம் ஆயிற்று. தங்கள் அக்கா ஓடிவந்து, தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், நனையாத உருண்டைகளை வாரி எடுத்துக்கொண்டு போய் என் சட்டைகள் இருக்கும் அலமாரியில் அடுக்கினாள். ரிப்பேர்காரர் வேலையை முடித்துவிட்டுப் போனார். மறுநாள் திரும்பி வந்தார், கையில் ஒரு பெரிய பை. "எங்கம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல, பின்னுறத விட்டுட்டாங்க. உங்க வீட்லன்னா வைக்க இடம் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். என் வீட்டுக் குழாயைக் கண்டுபிடிக்க முடியாமல் அரை மணி நேரம் திண்டாடிய மனிதர் சொல்கிறார், இடம் இருக்கும் என்று! நான் வாயைத் திறப்பதற்குள் தங்கள் அக்கா பையை வாங்கி, அவருக்குத் தேநீரும் கொடுத்துவிட்டாள்.

பின்னறையைப் பற்றி எழுதினால் எனக்கு வயிறு எரியும், இருந்தாலும் எழுதுகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்த அறை எனக்கு என்று பேச்சு. பழைய ரேடியோக்களைப் பிரித்து ரிப்பேர் செய்து பொழுதைக் கழிக்கலாம் என்று மூன்று ரேடியோக்களை வாங்கி மேசைமேல் வைத்திருந்தேன். கொஞ்ச நாள் முன்புவரை மேசையும் தெரியவில்லை, ரேடியோக்களும் தெரியவில்லை. அதில் ஒன்று மட்டும் உள்ளே எங்கேயோ பாடிக்கொண்டிருந்தது. நிறுத்தலாம் என்றால் கை எட்டவில்லை. மூன்று மாதமாகச் செய்தி வாசிக்கிறவர் தலையோடு போர்த்திக்கொண்டு வாசித்தார்.

இந்த லட்சணத்தில் போன மாதம் நீ இருபத்து நான்கு உருண்டைகள் பார்சல் அனுப்புகிறாய்! ஆமாம், 'நீ'தான். 'தாங்கள்' எல்லாம் இதற்குமேல் என் பேனாவில் வராது. தொலைபேசியில் நான் கத்தினேன். நீ என்ன சொன்னாய்? "மலிவா கெடச்சுது அத்தான், அக்கா சந்தோஷப்படுவா." அக்கா சந்தோஷப்பட்டாள். நான் என் செருப்புகளைச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன், ஏனென்றால் செருப்பு ஸ்டாண்டில் ஊதா நிறம் குடிவந்துவிட்டது.

எல்லாவற்றையும்விட என்னை வெறி பிடிக்க வைப்பது அந்தச் சாம்பல்நீல ஸ்வெட்டர். பன்னிரண்டு வருடமாகப் பின்னுகிறாள், இன்னும் முடிந்தபாடில்லை. முன்பக்கம் முடியும், பின்பக்கம் முடியும், கை இரண்டும் முடியும், எல்லாம் சேர்ந்து ஒரு ஸ்வெட்டர் மாதிரி தெரியும். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து அதை என் முதுகில் வைத்துப் பார்ப்பாள். "அளவு பாக்க ஒரு முதுகு வேணும், ஆடாம இருங்க" என்பாள். நானும் ஆணியில் மாட்டிய சட்டைபோல் நிமிர்ந்து, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, மூச்சை அடக்கி நிற்பேன். மனிதன் என்றால் பார்வைக்கு ஒரு கம்பீரம் வேண்டும் இல்லையா. அவள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போவாள். மறுநாள் பார்த்தால் ஸ்வெட்டர் முழுவதும் பிரிந்து மறுபடி உருண்டை உருண்டையாக உட்கார்ந்திருக்கும்! கொடுத்த புதுச் சாமான் அப்படியே கிடங்குக்குத் திரும்பி வருவதை என் சர்வீஸிலேயே நான் பார்த்ததில்லை. அதோடு நின்றாளா? அதே சாம்பல்நீலத்தில் இன்னும் ஒரு கட்டு, முன்னதைவிட இரண்டு உருண்டை அதிகமாக, புது அண்டா எண்ணில் வாங்கி வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பாள். "யாருக்குத்தான் இதப் பின்ற?" என்று ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, "இருக்காரு ஒருத்தர்" என்றாள். யாரோ ஒருத்தனுக்குப் பன்னிரண்டு வருட உழைப்பு. எனக்கு ஒரு கைக்குட்டை அளவுக்காவது உண்டா? தையல்காரர் என் கால்சட்டை இடுப்பை மூன்றாவது தடவையாகப் பிரித்துத் தைத்துவிட்டு, இனிமேல் உள்ளே துணி இல்லை என்று கையை விரித்துவிட்டார். அதைப் பற்றியெல்லாம் இந்த வீட்டில் யாருக்குக் கவலை?

ஆகவேதான் ஒன்பது நாட்களுக்கு முன் நான் ஒரு முடிவெடுத்தேன். அவள் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு, அப்படியே கம்பளிக் கடைக்கும் போய்விட்டு வர ஒரு முழு நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். காலையில் அவள் படியிறங்கியதும் சட்டைக் கையை மடித்துவிட்டேன். வீட்டில் இருந்த அத்தனையையும் கூடத்தில் கொட்டி எண்ணினேன். நானூற்றுப் பதினேழு. பிரித்தது, பிரிக்காதது, பாதி, முழுசு எல்லாம் சேர்த்து. பிறகு அட்டைப் பெட்டிகள் கொண்டுவந்து நிறவாரியாக அடுக்கினேன். சிவப்புக்கு ஒரு பெட்டி, பச்சைக்கு ஒரு பெட்டி, சாம்பல்நீலத்துக்கு மட்டும் மூன்று பெட்டிகள். ஐந்தாறு கட்டாகச் சிதறிக் கிடந்ததையெல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே சீராக அடுக்கினேன். உருண்டைகளின் இடுப்பில் இருந்த காகிதப் பட்டைகள் அடுக்குவதற்கு இடைஞ்சலாக இருந்தன. ஒன்றுவிடாமல் உருவி ஒரு சாக்கில் போட்டு, பழைய பேப்பர்காரருக்குக் கொடுக்கப் பால்கனியில் வைத்தேன். மூன்று மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. என் கிடங்கு நாட்களில்கூட அப்படி ஒரு ஒழுங்கை நான் கண்டதில்லை. உண்மையைச் சொல்கிறேன் மச்சான், அவள் வந்து பார்த்து என்னைப் பாராட்டுவாள் என்று வாசலிலேயே காத்திருந்தேன்.

வந்தாள். பெட்டிகளைப் பார்த்தாள். ஒரு சாம்பல்நீல உருண்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பட்டையெல்லாம் எங்க?"

"தேவையில்லாத குப்பை. எடுத்துட்டேன். இப்பப் பாரு, ஒரே நிறம் ஒரே பெட்டி."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் காதில் அவள் குரல் விழவில்லை. அந்த ஸ்வெட்டரில் ஒரு கை மட்டும்தான் பாக்கி இருந்தது. மூன்று நாள் அந்தப் பெட்டிகளின் முன்னால் உட்கார்ந்து உருண்டைகளைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்துப் பார்த்து எடுத்து, அந்தக் கையைப் பின்னி முடித்தாள். நான்காம் நாள் காலை அதைப் பால்கனிக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். வீட்டுக்குள் ஒரே நிறமாக இருந்த சாமான், வெயிலில் ஒரு கை மழை மேகமாகவும் இன்னொரு கை பள்ளிச் சீருடையாகவும் நின்றது. கடைக்கார அம்மாள் சொன்னது சரிதான் என்று இந்த ஒரு இடத்தில் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். உன் அக்கா அழவில்லை, கத்தவில்லை. அதை மடித்து வைத்தாள், ஊசிகளை டப்பாவில் போட்டு மூடினாள். அன்றிலிருந்து எடுக்கவில்லை.

அவள் பேசாததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த ஊசிச் சத்தம் இல்லாததுதான் தாங்க முடியவில்லை. பன்னிரண்டு வருடமாக நான் செய்தித்தாள் படிக்கும்போதெல்லாம் பக்கத்தில் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருந்த சத்தம் அது. இப்போது ஒரே பக்கத்தை நான்கு தடவை படிக்கிறேன், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. இதை நீ அவளிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் உன்னைச் சும்மா விடமாட்டேன்.

ஆகவே என் முடிவான வார்த்தை இதுதான். இனிமேல் நீ எந்த ஊருக்கு லிஃப்ட் பொருத்தப் போனாலும் அங்கே உள்ள உல்லன் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. இந்த மாதம் முடிவதற்குள் ஒரு வண்டி எடுத்துக்கொண்டு வந்து இங்கே இருப்பதில் சரிபாதியை உன் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நீ ஆரம்பித்ததை நீயே சும. பிறகு, மறந்துவிடாதே, அக்காவைக் கூப்பிட்டுப் பேசு. அவளை ஒரு வார்த்தை பேசச் சொல். திட்டச் சொன்னாலும் சரி.

கோபத்தில் மரியாதை தவறியிருந்தால் அதற்குத் தங்களின் ஆறு உருண்டைகளே பொறுப்பு. தங்கள் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, கைவேலை எதையும் கற்றுக்கொள்ளாமல், நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உட்கார இடமில்லாமல் நின்றபடி எழுதும்
தங்கள் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டேன், இன்னும் ஒட்டவில்லை. அத்தாட்சிக்கு இருக்கட்டும், உனக்குப் பத்துக் காகிதப் பட்டைகளையும் சேர்த்து அனுப்பிவைக்கலாம் என்று பால்கனிக்குப் போனேன். நல்லவேளை, பழைய பேப்பர்காரர் இன்னும் வரவில்லை. சாக்கில் கைவிட்டு ஒரு பிடி எடுத்தேன். எல்லாம் சாம்பல்நீலப் பட்டைகள். ஒன்று கையில் திரும்பிவிட்டது. பின்பக்கத்தில் பென்சிலால் உன் அக்காவின் கையெழுத்து: 'அவருக்கு. மார்பு 38.' இன்னொன்றில், 'அவருக்கு. 40. பிரிச்சு மறுபடி.' அடுத்ததில், 'அவருக்கு. 42. மூச்ச அடக்கி ஏமாத்திட்டார்.' அதற்கடுத்தது 44. 'ரிட்டயர் ஆகப் போறார், கொஞ்சம் தாராளமா.' கடைசியாக, 'அவருக்கு. 46. இதுக்கு மேல பெருக்க மாட்டார்.'

நான் சாக்கை இழுத்துக்கொண்டு வந்து கூடத்தில் கொட்டி, அந்த மூன்று பெட்டிகளையும் கவிழ்த்து, எந்தப் பட்டை எந்த உருண்டையினுடையது என்று பார்க்க உட்கார்ந்தேன். முப்பத்தோரு வருட அனுபவம் ஒரு மணி நேரத்தில் கைவிட்டுவிட்டது. ஒரு உருண்டையைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே போய் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். "எழுந்திருங்க" என்றாள். ஒன்பது நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை! எழுந்தேன். டேப்பைச் சுற்றினாள். பழக்கதோஷம், வயிற்றை உள்ளே இழுத்தேன்.

"மூச்ச விடுங்க. பன்னெண்டு வருஷமா நீங்க இழுத்துப் புடிச்சதாலதான் வீட்ல இத்தன உருண்டை."

விட்டேன். நாற்பத்தெட்டு.

ஆகவே தயவுசெய்து சாம்பல்நீலம் இருபத்து நான்கு உருண்டைகள், எல்லாம் ஒரே அண்டா எண்ணில், பட்டையோடு அனுப்பிவைக்கவும். எதுக்கும் இருபத்தாறாக அனுப்பு. சரிபாதியை ஏற்றிக்கொண்டு போக வர வேண்டாம். ஆனாலும் வண்டியோடு வா. பின்னறையில் மூன்று ரேடியோக்கள் இருக்கின்றன, அவற்றை எடுத்துக்கொண்டு போய்விடு. ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும்.